வீட்டுக்குரியவரின் ஒப்பம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு படம் நல்லதா கூடாததா என்று, அதைப் பார்த்தவர்கள் தங்கள் பாட்டில் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்வதற்கென்றே ஒரு பேரவை இருக்கிறது. வாவிக்கரைப் பார்வையாளர் அபிப்பிராயப் பேரவை. உறுப்பினர் இருபத்தொரு பேர், எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கும் இடமுண்டு என்று பேரவையின் சட்டதிட்டமான யாப்பில் எழுதியிருக்கிறது. எந்த இடம் என்றுதான் எழுதவில்லை.

பேரவைக்குச் சொந்தமாக ஒரு மண்டபம். சின்னப் படங்களை வாவிக்கரையில் வேறு எவரும் திரையில் காட்ட மாட்டார்கள், ஆகவே படம் எடுத்த இளசுகள் எல்லாம் இங்கேதான் வந்து கைகட்டி நிற்க வேண்டும். முதலில் ஒரு காட்சி. பார்த்தவர்கள் படிவம் நிரப்புவார்கள். பிறகு தீர்ப்பு நாள். அன்றைக்குத் தலைவர் மேடையேறி, ஏற்றுக்கொள்ளப்பட்ட அபிப்பிராயத்தை, எழுதியவர் எழுதியபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல், 'நான்' என்று வரும் இடத்திலெல்லாம் நெஞ்சைத் தொட்டு, குரல் நடுங்க வாசிப்பார். நல்லபடியாக இருந்தால் படம் நாலு கிழமை ஓடும். இல்லாவிட்டால் அன்றோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். பன்னிரண்டு வருடத்தில் மூன்று படம் ஓடியிருக்கிறது. அதில் ஒன்று நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றியது.

போன வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் ஏறாவூர்ப் பிள்ளை சப்னா ஒரு படம் கொண்டுவந்தாள். இரவல் கமெராவில் இரண்டு வருடமாக எடுத்த காதல் பகிடிப் படம். பெயர் 'செருப்பக் கழட்டிற்று வாங்க'. சொல்வழி கேளாத ஒரு குமர்ப்பிள்ளை, பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைமாரைக் கேள்வி கேட்டே ஓட்டிவிட்டு, நீந்தத் தெரியாத ஒரு பிரிஜ் திருத்துகிற பெடியனைக் காதலித்துத் தோணியில் ஏற்றி வைத்துக்கொண்டு கலியாணப் பேச்சுப் பேசுகிறாள். அவ்வளவுதான் கதை.

அந்தக் காட்சிக்குக் காத்தான்குடி ஸஹீதாவுக்கும் ஒரு அழைப்பு வந்தது. ஸஹீதா பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவள். மண்டபத்து மேடைச் சீலையைத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். போதாததற்கு அவளுடைய கணவர் மஜீட் பேரவை உறுப்பினர், கடித விநியோகப் பொறுப்பாளர். அவருக்கு முன்வரிசையில், மின்காற்றாடிக்கு நேர் கீழே ஆசனம். அந்தக் காற்றாடிக்காகவே மனிசன் பேரவையில் இருக்கிறார் என்று ஸஹீதாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

விளக்கேற்றினார்கள், குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதினார்கள், ஜெபம் செய்தார்கள். பிறகு வரவேற்புரை. அதற்கு முன் வரவேற்புரை ஆற்றுபவரை வரவேற்று ஒரு உரை. படம் இரண்டு மணித்தியாலம், கூட்டம் மூன்றரை மணித்தியாலம். வாசலிலேயே ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாதிரி அபிப்பிராயம் கொடுத்திருந்தார்கள், எழுதத் தெரியாமல் யாரும் கஷ்டப்படக் கூடாதல்லவா: "இப்படம் நமது பெண்களின் அடக்கத்தைக் காயப்படுத்துவதால் எனது உள்ளம் வேதனையுற்றது." அது படம் வந்து சேருவதற்கு முந்தைய கிழமையே அச்சடித்தது.

படம் தொடங்கி ஏழாவது நிமிடத்தில் ஸஹீதா சிரித்தாள். பிறகு நிற்கவில்லை. மூன்றாவது மாப்பிள்ளை செருப்போடு வீட்டுக்குள் ஏறி, "இனி இந்த வீட்டில நான் சொல்றதுதான்" என்கிறான். அந்தப் பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "இது என்ட வீடு. செருப்பக் கழட்டிற்று உள்ள வாங்க. இல்லாட்டி அதப் போட்டுக்கொண்டே வெளிய போங்க." ஸஹீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்கதிரையில் தலையை முட்டினாள். பக்கத்துப் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். முன்வரிசையில் மஜீட் மூக்குத் துடைக்கிற லேஞ்சியை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினார். பாவம், மனிசனுக்கு இருமல் போல என்று அவள் நினைத்தாள்.

படம் முடிந்ததும் படிவம். ஆண்களுக்கு நீலம்: கதை, கருத்து, சமுதாயப் பார்வை. பெண்களுக்கு றோஸ்: படத்தில் வந்த சமையல், படத்தில் வந்த உடுப்பு, பிள்ளைகளுக்குக் காட்டலாமா. இரண்டின் அடியிலும் ஒரு பெட்டி, 'வீட்டுக்குரியவரின் ஒப்பம்'. ஒரு காலத்தில் வீட்டுத்திட்டத்துக்கு அடித்த படிவத்தைப் பார்த்துச் செயலாளர் பஸ்லான் தயாரித்தது, அந்தப் பெட்டி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஆண்கள் அதில் தங்கள் ஒப்பத்தை வைத்தார்கள். மனைவிமாரின் றோஸ் படிவத்தையும் அவர்களே நிரப்பி அவர்களே ஒப்பம் வைத்தார்கள். யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஸஹீதா சமையல் பெட்டியையும் உடுப்புப் பெட்டியையும் குறுக்கே கோடிழுத்துவிட்டு, மேலே எழுதினாள்: "நல்ல படம். அந்தப் புள்ள சொன்ன ஒவ்வொரு கதையும் நான் சொல்லாம விட்ட கதை. சிரிச்சிச் சிரிச்சி வயிறு நொந்திட்டு. இன்னொருக்காப் பாப்பன்." அடியில் வீட்டுக்குரியவரின் ஒப்பம் என்று கண்டாள். வைத்தாள்.

நாலாம் நாள் மஜீட் வீட்டுக் கேற்றடியில் நின்று மணியடித்தார். ஸஹீதா தையல் மெசினை விட்டு எழும்பி வந்து பார்த்தாள்.

"என்னத்துக்கு மணி அடிக்கிற? கேற் திறந்துதானே கிடக்கு."

"இது பேரவைக் கடிதம்" என்றார் மஜீட் நிலத்தைப் பார்த்தபடி. "கேற்றடியில வெச்சிக் குடுத்து, கொப்பியில ஒப்பம் எடுக்கணும். மறுகாத்தான் நான் உள்ள வர ஏலும்."

கடிதம் இப்படி இருந்தது: "தங்களது அபிப்பிராயம் எழுபத்தெட்டுப் பேரின் அபிப்பிராயத்தோடு ஒத்துப்போகாமையினால், அது அபிப்பிராயமா என்பது குறித்து ஐயம் எழுந்துள்ளது. விசாரணைக்குச் சமூகமளிக்கவும்."

உள்ளே பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்த ஆச்சிப்பிள்ளை கையில் ஊசியோடு எட்டிப் பார்த்தாள். குருக்கள்மடத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து ஸஹீதாவோடு தைக்கிறவள். ஸஹீதா சொன்ன கதையைக் கேட்டு இரண்டு நாளாக அந்தப் படத்தைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் பாக்க முன்னம் படத்த மூட விட்டிராத கா" என்றாள். "என்னத்தையும் எழுதித் தாறன் எண்டு போட்டு வந்திராத."

விசாரணை மேடையில், ஸஹீதா தைத்த சிவப்புச் சீலைக்கு முன்னால் நடந்தது. நடுவில் தலைவர் சாமித்தம்பி, களுதாவளைக்காரர், இளைப்பாறிய கல்வி அதிகாரி. வலப்பக்கம் பஸ்லான். இடப்பக்கம் ஹரல்ட், நகரத்துப் பறங்கித் தச்சர். மண்டபத்துக் கதிரைகளெல்லாம் அவர் செய்தவை. படத்துக்குப் படம் ஹரல்ட் நித்திரை கொள்வார், படத்துக்குப் படம் ஒரே அபிப்பிராயம் எழுதுவார்: "கதிரை நல்லம்."

பஸ்லான் ஒரு பெரிய பதிவேட்டை விரித்தார். அதற்குப் பெயர் சிரிப்புப் பதிவேடு.

"ஏழாம் நிமிசம் முதலாவது சிரிப்பு. பதினொராம் நிமிசம் ரெண்டு, அதில ஒண்டு பல்லுத் தெரிய. நாப்பத்தி மூணாம் நிமிசம் தொடர்ச்சியா. மொத்தம் முப்பத்தேழு. கதிரை இலக்கம் சி பதினாலு. ஒத்துக்கிறீங்களா?"

"எண்ணல்ல" என்றாள் ஸஹீதா. "கூடவும் இருக்கும்."

தலைவர் கையை உயர்த்தினார். "அம்மா, நான் சிரிப்புக்கு எதிரி இல்ல. சிரிக்கலாம். படம் முடிஞ்ச பிறகு, வீட்ட போய், கதவச் சாத்திற்று, அளவாச் சிரிக்கலாம். பெண்களை நான் மதிக்கிறவன். சந்தேகமெண்டா என்ட மனிசி பரமேஸ்வரியக் கேட்டுப் பாருங்க. நாப்பது வருசத்தில ஒரு விசயத்திலயும் அவ அபிப்பிராயம் சொன்னதில்ல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா. அந்தளவு சுதந்திரம்."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். மஜீட்டும் இரண்டு விரலால் தட்டினார்.

"இப்ப ஒரு சின்னத் திருத்தம்" என்றார் தலைவர். "'சிரிச்சிச் சிரிச்சி' எண்டத வெட்டிற்று 'சிந்தித்துச் சிந்தித்து' எண்டு போடுங்க. 'வயிறு நொந்திட்டு' எண்டது 'உள்ளம் நொந்தது'. 'இன்னொருக்காப் பாப்பன்' தேவையில்ல. மத்ததெல்லாம் உங்கட எழுத்துத்தான். போடாட்டி, யாப்பின்படி ஆயுள் முழுக்க இந்த மண்டபத்தில நீங்க படம் பாக்க ஏலா. மஜீட்டின்ட ஆசனமும் போகும்."

மஜீட் மேலே சுற்றும் காற்றாடியை ஒருமுறை பார்த்தார்.

ஸஹீதாவுக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஒரு சொல்தானே, மாற்றிவிட்டுப் போனால் என்ன? இப்படித்தான் மாமியிடம் ஒரு சொல், பள்ளிக்கூட அதிபரிடம் ஒரு சொல், துணிக்கடை முதலாளியிடம் ஒரு சொல் என்று இருபத்தாறு வருடமாக விழுங்கி வந்திருக்கிறாள். விழுங்கியதெல்லாம் அந்த இருட்டில் சிரிப்பாக வெளியே வந்தது. அதையும் இவர்களுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டுமா? சீ, என்று வந்தது அவளுக்கு.

"நான் சிரிச்சத சிரிச்சன் எண்டுதான் எழுதுவன்" என்றாள். "சிந்திச்சவங்க சிந்திச்சன் எண்டு எழுதட்டும். ஒங்கள்ள ஆரு சிந்திச்ச? எழுபத்தெட்டுப் பேரும் வாசல்ல தந்த தாளப் பாத்துத்தானே எழுதியிரிக்கிங்க."

தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படிவத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"ஆ! இந்தா கிடக்கு. வீட்டுக்குரியவரின்ட ஒப்பம் மஜீட் வைக்க வேண்டியது. இவ தானே வெச்சிரிக்கா! படிவமே செல்லாது."

"வீடு என்ட. நான் வெச்ச."

"வாயால சொன்னாக் காணுமா? உறுதி இருக்கா, காணி உறுதிப் பத்திரம்? அதில உங்கட பேர் இருக்கா?" தலைவர் எழும்பி நின்றார். எழும்பினால் அவருக்கு உரை வந்துவிடும். "சபையோரே! இண்டைக்கு ஒரு தீர்மானம். உறுதியில பேர் இல்லாத ஆள் வெச்ச ஒப்பம் வீட்டுக்குரியவரின்ட ஒப்பம் ஆகாது. அந்தப் படிவம் கழிபடும். சட்டம் எண்டா எல்லாருக்கும் ஒண்டு. எனக்கும் ஒண்டு, கதவு காக்கிறவனுக்கும் ஒண்டு!"

மஜீட் மெதுவாகக் கையைத் தூக்கினார். "தலைவர், ஒரு விசயம்..."

"நீங்க சம்பந்தப்பட்டவரின்ட கணவர். கதைக்க ஏலா. இருங்க."

"இல்ல தலைவர், அந்த உறுதி விசயத்தில கொஞ்சம்..."

"இருங்க எண்டன்!"

மஜீட் இருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஹரல்ட் மட்டும் கண்ணைத் திறந்து, "எனக்கும் உறுதி கொண்டு வரோணுமோ?" என்று கேட்டார். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று அவருக்கும் எடுத்துச் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஸஹீதா ஒரு பிஸ்கட் தகரத்தோடு போனாள். அதற்குள் பிளாஸ்ரிக் பையில் சுற்றிய சீதன உறுதி. அவளுடைய வாப்பா பதினாலு வருடம் கடலுக்குப் போய்க் கட்டிய வீடு, கலியாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை அவள் பெயரில் எழுதியது. மஜீட் ஒரு உடுப்புப் பெட்டியோடும் ஒரு மேசைக் காற்றாடியோடும் வந்து சேர்ந்தார். காற்றாடி மறு வருடமே பழுதாகிவிட்டது.

பஸ்லான் உறுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. "பேர் சரி" என்றார் மெல்லமாக.

"அப்ப என்ட படிவம் செல்லும்" என்றாள் ஸஹீதா. "சரி. இனி ஒங்கட உறுதியளக் காட்டுங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். காத்தான்குடியானாலும் களுதாவளையானாலும், சோனகரானாலும் தமிழரானாலும், இந்தக் கரையில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பிறகு காலம் போகப் போகக் கேற்றில் தன் பெயரை எழுதிப் பலகை மாட்டுவார், வாசலில் சாய்மனைக் கதிரை போடுவார், வீடு தன்னுடையது என்று உண்மையாகவே நம்பிவிடுவார். உறுதி மட்டும் மனிசியின் அலுமாரியில், சீலைகளுக்கு அடியில் கிடக்கும். இருபது ஆண்களும் பன்னிரண்டு வருடமாகப் பிறத்தியாரின் வீட்டுக்கு ஒப்பம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சாமித்தம்பி தண்ணீர் குடித்தார். பஸ்லான் பதிவேட்டைத் திறந்து மூடினார். ஹரல்ட் மாத்திரம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அப்பன் அவருக்கு எழுதிக் கொடுத்த வீடு. பறங்கியரிடம் இந்த வழக்கம் இல்லை.

"அதுதான் நான் அண்டைக்கே..." என்று தொடங்கிய மஜீட்டை இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தீர்மானத்தை நீக்கப் பார்த்தார்கள். ஏகமனதாக நிறைவேறியதை ஒரு வருடத்துக்குத் தொடக் கூடாது என்று யாப்பில் இருந்தது. யாப்பை மாற்றப் பார்த்தார்கள். அதற்கு வேண்டிய படிவத்திலும் அடியில் அந்தப் பெட்டி இருந்தது. கடைசியில், ஏழு நாளைக்குள் வீட்டுக்குரியவரிடம் ஒப்பம் வாங்கி வரலாம் என்று அவகாசம் கொடுத்துக்கொண்டார்கள். பெரிய காரியமா? ஒரு ஒப்பம். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வாங்கிவிடலாம்.

மஜீட் அன்று பின்னேரமே தன் நீலப் படிவத்தைத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தார். ஸஹீதா எடுத்து வாசித்தாள்.

"'எனது உள்ளம் வேதனையுற்றது.' ஒங்கட உள்ளமா?"

"எல்லாரும் எழுதின மாதிரித்தான் புள்ள."

"எந்தப் பக்கம் நொந்த? காட்டுங்க பாப்பம்."

மஜீட் நெஞ்சின் இடப்பக்கத்தைத் தொட்டு, பிறகு கையை வலப்பக்கத்துக்கு மாற்றினார்.

"பொய்க்கு நான் ஒப்பம் வைக்கமாட்டன்" என்று அவள் படிவத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். ஆச்சிப்பிள்ளை நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

மற்ற வீடுகளிலும் இதே கூத்துத்தான். பெண்கள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கணவர்மார் எழுதியதை முதல்முறையாக வாசித்தார்கள். தங்கள் பேரில் நிரப்பப்பட்ட றோஸ் படிவங்களையும் வாசித்தார்கள். பார்க்காத படத்தில் சமையல் திருப்தி என்று தாங்கள் சொல்லியிருப்பதை அறிந்தார்கள். களுதாவளையில் பரமேஸ்வரி சொன்னது மஜீட்டின் காதுவழியாகக் காத்தான்குடிக்கு வந்தது: "நாப்பது வருசமா என்னட்ட ஒண்டும் கேக்கல்ல. இப்ப கேக்கிறீங்க. கேட்டாச் சொல்லணும்தானே? படத்தக் காட்டுங்க, மறுகாப் பாப்பம்."

ஏழு நாள் போயிற்று. ஒரு ஒப்பமும் வரவில்லை. தீர்ப்பு நாள்தான் வந்தது.

அன்றைக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. உறுதியும் கையுமாகப் பெண்கள் வந்திருந்தார்கள். சிலர் தகரத்தில், சிலர் சீலைத் தலைப்பில் முடிந்து, ஒருத்தி தலையணை உறையில். ஒப்பம் வேண்டுமானால் படத்தைக் காட்டு என்பதே பேச்சு. சப்னா கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆச்சிப்பிள்ளை ஸஹீதாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

விளக்கு, கிறாஅத், ஜெபம் எல்லாம் முறைப்படி ஆயிற்று. பஸ்லான் ஒலிவாங்கிக்கு வந்து, கிடைத்த எண்பது படிவங்களில் செல்லுபடியானவை இரண்டு என்று அறிவித்தார். முதலாவதைத் தலைவர் வாசித்தார்: "கதிரை நல்லம்." ஹரல்ட் எழும்பி நாலு பக்கமும் கும்பிட்டார்.

தலைவர் இரண்டாவது தாளைக் கையில் எடுத்தார். வைத்தார். பிறகும் எடுத்தார்.

"எழுதினபடியே, தலைவர்" என்று சபையிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஸஹீதாவின் குரல்தான். அது தன் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "ஒரு எழுத்தும் மாத்தாம."

சாமித்தம்பி தொண்டையைச் செருமினார். "நல்ல படம்" என்று தொடங்கினார். "அந்தப் புள்ள சொன்ன ஒவ்வொரு கதையும்..." பன்னிரண்டு வருடப் பழக்கம், கை தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. "நான் சொல்லாம விட்ட கதை."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது வரிசையில் மெலிந்த ஒரு பெண் எழும்பி நின்றாள். தலைவரின் கை நெஞ்சிலேயே நின்றுவிட்டதைப் பார்த்துத்தான் அது பரமேஸ்வரி என்று ஸஹீதாவுக்கு விளங்கியது.

"என்டயும் அதுதான்" என்றாள் பரமேஸ்வரி.

"என்டயும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி. "என்டயும் கா." "எனக்கும் போடுங்க." வரிசை வரிசையாக எழும்பினார்கள். ஸஹீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் மட்டும்தான் இவ்வளவு காலமும் விழுங்கினாள் என்று நினைத்திருந்தாளே, மடைச்சி.

"மிச்சத்தையும் வாசிங்க" என்றாள் பரமேஸ்வரி.

"சிரிச்சிச் சிரிச்சி" என்று தலைவர் நடுங்கும் குரலில் வாசித்தார், "வயிறு நொந்திட்டு. இன்னொருக்காப் பாப்பன்."

அப்போதுதான் மண்டபம் வெடித்தது. பஸ்லான் பதிவேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார், வரிசை ஏ, வரிசை பி என்று மூன்று பக்கம் வரைக்கும் எழுதினார். பிறகு பேனையை மூடிச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். யாப்பின்படி பேரவையின் அபிப்பிராயம் 'நல்ல படம்' என்றாகிவிட்டது. அங்கேயே, அப்போதே படத்தைப் போட்டார்கள். ஆச்சிப்பிள்ளை சி பதினைந்தில் இருந்து சிரித்த சிரிப்பில் ஹரல்ட்டின் கதிரை ஒன்று கால் முறிந்தது. மனிசன் அதற்கும் கோபிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு பின்னேரம், கேற்றடியில் மணியடித்தது. மஜீட் நின்றார். கையில் கடிதக் கொப்பி இல்லை. ஒரு நீலப் படிவம் மட்டும்.

"இனி இது பேரவைக்குக் குடுக்க ஏலா. நாள் போயிட்டு" என்றார். "ஒனக்குத்தான் கொண்டு வந்த."

கோணல் எழுத்தில் இரண்டு வரி. "நானும் சிரிச்சன். சத்தம் வரக் கூடாதெண்டு லேஞ்சியக் கடிச்சிக்கொண்டிருந்தன்." அடியில் அந்தப் பெட்டி வெறுமையாக இருந்தது.

ஸஹீதா இரண்டு தரம் வாசித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் பக்கத்தில் இருந்த மனிசன், அவரும் விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் அவள் உடனே பேனையை எடுத்துவிடவில்லை. இளகிய முகத்தைக் கண்டவுடன் ஒப்பம் வைக்கிற காலம் போய்விட்டது.

"செருப்பக் கழட்டிற்று வாங்க" என்றாள். "போய் ரெண்டு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாங்க. எனக்கொண்டு, ஆச்சிப்பிள்ளைக்கொண்டு. குடிச்சிப் பாத்துத்தான் ஒப்பம்."

மஜீட் செருப்பைக் கழற்றி, வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, குசினிக்குப் போனார். சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று அங்கிருந்து கேட்டார்.